இருட்டறை: ஒரு சின்ன அறையின் பெயர் வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"கல்கத்தா இருட்டறைத் துயரச் சம்பவம்." பிளாசிப் போருக்கு முன்னால் வரும் இந்தப் பத்தியைப் பள்ளியில் படித்தது பலருக்கு நினைவிருக்கும். நான் வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்: "டீச்சர், நவாப் எதுக்கு அப்படி ஒரு ரூமைக் கட்டி வச்சிருந்தார்?"

நல்ல கேள்வி. ஆனால் அந்த அறையைக் கட்டியவர் நவாப் இல்லை. அதற்குப் பெயர் வைத்தவரும் அவர் இல்லை.

ஆங்கிலத்தில் அதன் பெயர் 'பிளாக் ஹோல்'. ஹோல் என்றால் பொந்து. இடுக்கான வீட்டைப் பார்த்தால் நாம் "இது வீடா, எலிப்பொந்தா?" என்போம். ஆங்கிலேயரும் பேச்சுவழக்கில் சின்ன அறையை அப்படித்தான் சொல்வார்கள். அன்றைய படைவீரர்கள் வாயில் 'பிளாக் ஹோல்' என்றால் தப்புச் செய்த சிப்பாயை அடைத்து வைக்கும் கொட்டடி. கல்கத்தாவுக்கு மட்டும் உரிய பெயர் அல்ல. நாம் 'லாக்கப்' என்று சொல்வதைப் போன்ற பொதுச்சொல்.

1756 ஜூன் 20. சிராஜ் உத் தௌலாவின் படை வில்லியம் கோட்டையைப் பிடித்தது. கவர்னர் டிரேக் அதற்கு முன்பே கப்பலேறித் தப்பிவிட்டார். மிச்சமிருந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஹால்வெல். அன்று மாலை சில ஐரோப்பியச் சிப்பாய்கள் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தார்கள். இப்படிப்பட்டவர்களை இங்கே எங்கே அடைப்பீர்கள் என்று நவாப் தரப்பு கேட்க, 'பிளாக் ஹோல்' என்று பதில் வந்ததாக அக்காலப் பதிவுகளில் உண்டு. ஆங்கிலேயர் தங்கள் ஆட்களுக்காகக் கட்டிய கொட்டடியிலேயே அன்றிரவு அவர்கள் அடைக்கப்பட்டார்கள். வங்காளத்து ஜூன் மாதப் புழுக்கம். கம்பி போட்ட இரண்டே சின்ன ஜன்னல்கள். விடிவதற்குள் பலர் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள்.

எத்தனை பேர்? உயிர் பிழைத்த ஹால்வெல் எழுதி 1758இல் வெளிவந்த கணக்கு: உள்ளே போனவர்கள் 146, உயிரோடு வந்தவர்கள் 23. அறையின் நீளம் 18 அடி, அகலம் ஏறக்குறைய 15 அடி என்பார்கள். பெருக்கினால் 270 சதுர அடி. ஆளுக்கு 2 சதுர அடிகூட வராது! இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் பிள்ளைகளே சந்தேகப்படுவார்கள். 1915இல் ஜே. எச். லிட்டில் என்ற ஆங்கிலேயரே ஹால்வெல் சொன்னதை நம்ப முடியாது என்று எழுதினார். பிறகு 1959இல் பிரிஜன் குப்தா ஆவணங்களை ஒப்பிட்டு, அடைக்கப்பட்டவர்கள் சுமார் 64, பிழைத்தவர்கள் 21 என்று கணித்தார். அதுவும் சின்ன எண்ணிக்கை இல்லை. இறந்தவர்கள் மனிதர்கள், அதை மறுக்க வேண்டாம்.

ஹால்வெல்லே இன்னொன்றும் எழுதியிருக்கிறார். இரவில் பத்திரமாக அடைத்து வைக்கும்படி பொதுவாகச் சொன்னதைத் தவிர நவாப் வேறு எதுவும் உத்தரவிடவில்லை, இது கீழ்நிலை ஜமேதார்களின் பழிவாங்கல் என்பதே அவர் கருத்து. ஆனால் கதை பரவியபோது இந்த வரி காணாமல் போனது. கொட்டடியின் பொதுப்பெயர் நவாபின் கொடுமைக்குச் சிறப்புப்பெயராக மாறிவிட்டது. சென்னையிலிருந்து கப்பலேறிய கிளைவ் கல்கத்தாவை மீட்டு, 1757 ஜூன் 23இல் பிளாசியில் வென்றார். அந்த வெற்றிக்கு நியாயம் கற்பிக்க இந்த இரவு நன்றாகப் பயன்பட்டது.

ஹால்வெல் எழுப்பிய நினைவுத்தூண் சிதைந்து 1820களில் அகற்றப்பட்டது. கர்சன் பிரபு 1902இல் பளிங்கில் மறுபடி நிறுத்தினார். அதை அகற்றக் கோரிப் போராட்டம் அறிவித்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1940 ஜூலை 2 அன்று கைதானார். கடைசியில் அரசு இறங்கி வந்தது. தூண் இன்று கொல்கத்தா புனித ஜான் தேவாலய வளாகத்தில் நிற்கிறது.

பெயர் மட்டும் அதோடு நிற்கவில்லை. 1960களில் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி, தன் எடையாலேயே நொறுங்கி ஒளியைக்கூட வெளியே விடாத விண்மீனைக் கல்கத்தாவின் அந்த அறையோடு ஒப்பிட்டுப் பேசியதாக, கேட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1964இல் 'பிளாக் ஹோல்' அச்சிலும் வந்தது. 1967இல் ஜான் வீலர் தன் உரையில் பயன்படுத்திய பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

தமிழில் நாம் ஒன்றை 'இருட்டறை' என்றும் மற்றொன்றைக் 'கருந்துளை' என்றும் மொழிபெயர்த்தோம். இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் இரண்டும் ஒரே சொல் என்பது நமக்கு மறைந்துவிட்டது. 'இருட்டறை' என்றதும் யாரோ கொடுமைக்கென்றே கட்டிய அறை போலத் தோன்றுகிறது. 'கோட்டையின் காவல் கொட்டடி' என்று எழுதியிருந்தால், அது யாருடைய கொட்டடி என்ற கேள்வி தானாக எழுந்திருக்கும்.

இந்தப் பாடத்தை நடத்தும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 146, 23 என்று மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், அந்த அறையைக் கட்டியது யார் என்று கேளுங்கள். பிள்ளைகள் யோசிப்பார்கள். வரலாற்று வகுப்பில் அதைவிட வேறென்ன வேண்டும்?