வானூர்ப் பிருகன்னளை

கோடை தொடங்கிவிட்டால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதமும் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார்; இரவில் கூத்து. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்த வில்லிபுத்தூராரின் காப்பியம், ஏறத்தாழ அவர் பிறந்த மண்ணிலேயே இன்றளவும் செவிவழியாக வாழ்கிறது. அருச்சுனன் தபசு மரம் ஏறுவதையும், மண்ணால் வடித்துக் கிடத்திய துரியோதனன் படுகளத்தில் மடிவதையும் காணாமல் இங்கு எவரும் வளர்ந்திருக்க முடியாது.

இதே மண்ணுக்குப் பிறிதொரு பாரதமும் வந்து சேர்ந்தது. வீணாபாணி சாவ்லா 1981இல் மும்பையில் தொடங்கிய ஆதிசக்தி நாடகக் குழு, 1993இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. (தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் உருவானதும் அதே ஆண்டில்தான்.) பின்னர் ஆரோவில்லை அடுத்து, நமது மாவட்டத்து வானூர் வட்டத்தில் அக்குழு நிலைகொண்டது. இலாபம் கருதாத அமைப்பு. எழுதி முடித்த பிரதியை எடுத்து மேடையேற்றும் வழக்கம் அதற்கில்லை. களரிப் பயிற்சி, கூடியாட்டத்தின் மூச்சு முறை, மிழாவு வாசிப்பு ஆகியவற்றினூடே நடிகனின் உடலிலிருந்து புதிய நாடகம் மெல்ல மெல்ல உருவாகும். ஒரே நாடகத்துக்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பார்கள். 1990களில் வினய்குமார் தனியொருவராக நடித்த பீமனும் பிருகன்னளையும் அவ்வாறு பிறந்தவர்களே.

பிருகன்னளையை நாம் விராட பருவத்துக் கூத்தில் அறிவோம். பேடி வேடத்தின் கேலியும், உத்தரகுமாரனின் வெற்று வீரமும், பின் காண்டீபம் வெளிப்படும் நொடியும் அங்கு உண்டு. வீணாபாணி அவ்வேடத்தில் கண்டது ஆண்பாதி பெண்பாதியான அர்த்தநாரியை. இதைப் புதுமை என்று கொண்டாடுவோரும் அயல் சரக்கென்று ஒதுக்குவோரும் சிலம்பை மறந்துவிட்டார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. சேரன் செங்குட்டுவன் முன் பறையூர்க் கூத்தச் சாக்கையன் ஆடிய கொட்டிச்சேதம், உமையொருபாகன் ஆடியதாகச் சொல்லப்படும் கூத்தன்றோ? கூடியாட்டம் ஆடும் சாக்கியார்களின் பெயரிலும் அந்தச் சாக்கையன் ஒலிக்கிறான். ஆக, வானூருக்கு வந்தது ஒருவகையில் வீடு திரும்பல்.

ஆனால் திரும்பியவள் பேசியது ஆங்கிலம். நமது உறுத்தல் இதில்தான். கூத்துக் குடும்பத்தில் பிறந்த மாணவர் ஒருவரிடம் வகுப்பு முடிந்தபின் இந்த நாடகம் பற்றிச் சொன்னோம். "ஒரே ஆளா, ஐயா? அப்போ கட்டியக்காரன் கிடையாதா?" என்று கேட்டார். சரியான கேள்வி. அரசன் பேசும் செய்யுளை ஊர்ப்பேச்சாக்கிக் களத்தில் அமர்ந்திருப்போரிடம் கொண்டுசேர்ப்பவன் கட்டியக்காரனே. அவனில்லாத மேடைக்கும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் நடுவே யார் நிற்பது? குழுவை மட்டும் குறைகூற நமக்கு மனமில்லை. தமிழ்த் துறைகளில் இருக்கும் நாமும் அந்த இடத்தில் நின்றிருக்கலாம்; நிற்கவில்லை.

சொல் பின்வாங்கித் தாளம் முன்வந்த 'கணபதி' மட்டும் இத்தடையைப் பெரிதும் கடந்தது. மிழாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

வீணாபாணி 2014இல் மறைந்தார். அவர் நினைவாக மறு ஆண்டில் நாடக விழா ஒன்றைக் குழுவினர் தொடங்கினர். நிம்மி ராஃபேல் எழுதி இயக்கிய 'வாலி' பின்னர் வந்தது. மறைந்து நின்று கொன்றது முறையா என்னும் வழக்கு, நம் பட்டிமன்றங்களில் தேயத்தேய வாதிடப்பட்டது. அது வானூரில் புதிதாக உயிர்பெற்றிருக்கிறது, இம்முறையும் ஆங்கிலத்தில்.