டெக்ஸ்டரஸ்

டெக்ஸ்டரஸ் என்பது கைலாகவம் மிக்க, சாதுரியமான என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரடை. ஒரே கையின் விரல்களால் தையல் நூலை வளைத்து, இழுத்து, இமைப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடும் அறுவை மருத்துவரின் கைக்கு இச்சொல் கச்சிதமாகப் பொருந்தும். சிக்கலான பேச்சுவார்த்தையை முறியவிடாமல் கொண்டுசெல்பவரின் மதிநுட்பத்தையும் குறிக்கும். 'டெக்ஸ்ட்ரஸ்' என்று குறுக்கி எழுதுவதும் சரியே.

லத்தீனில் 'டெக்ஸ்டர்' என்றால் வலப்பக்கம். பெரும்பாலோருக்குப் பழகிய கை வலக்கை. ஆகவே வலக்கைத் தன்மையே திறமையின் பெயராயிற்று. 'டெக்ஸ்டெரிட்டி' என்ற பெயர்ச்சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பெயரடை அதற்குப் பிந்தியது.

இதன் இந்தோ-ஐரோப்பிய வேர் நமக்கு அந்நியமானதல்ல. சமஸ்கிருதத்தின் 'தட்சிண' அதே வேரில் கிளைத்தது. கிழக்கு நோக்கி நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு. அதனால் அச்சொல் தெற்கையும் குறித்தது, தக்காணமும் அதிலிருந்தே பெயர் பெற்றது. வேறு மொழிக்குடும்பமான தமிழிலும் கருத்து அப்படியே இருப்பது வியப்பு: வலம் என்றால் வலப்பக்கம், வெற்றி, வலிமை, வலவன் என்றால் சமர்த்தன், தேர்ப்பாகன்.

இடக்கைக்குக் கிடைத்ததோ அவப்பெயர். லத்தீனில் இடப்பக்கத்தைக் குறித்த 'சினிஸ்டர்' ஆங்கிலத்தில் தீய நோக்குடையது என்றானது. இத்தனைக்கும் ரோமானிய நிமித்திகர்களுக்கு இடப்பக்கம் நல்ல சகுனம். கிரேக்க வழக்கம் கலந்த பிறகே அது கெட்டதாயிற்று. பிரெஞ்சு வழி வந்த சொற்களிலும் இதே பாகுபாடுதான். வலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'அட்ராய்ட்', அதாவது திறமையான. இடத்தைக் குறிக்கும் 'கோஷ்', நயமற்ற. இரு கையையும் ஒன்றுபோல் பயன்படுத்துபவரை 'ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்' என்பார்கள். நேர்ப்பொருள் 'இருபுறமும் வலக்கை'. இடக்கை எவ்வளவு தேர்ந்தாலும் வலக்கை என்றே பாராட்டப்படுவது பெரிய அநியாயம். போதாததற்கு, பழைய ஆங்கிலேயச் சட்ட வழக்கில் இரு தரப்பிடமும் லஞ்சம் வாங்கிய நடுவர்குழு உறுப்பினருக்கும் 'ஆம்பிடெக்ஸ்டர்' என்றே பெயர்.

மருத்துவமனைக் கட்டிலருகே தொங்கும் புட்டியில் 'டெக்ஸ்ட்ரோஸ் 5%' என்று அச்சிட்டிருக்கும். அங்கே திறமைக்கு வேலையில்லை. அந்தச் சர்க்கரைக் கரைசல், தன்னூடே செல்லும் முனைவுற்ற ஒளியின் தளத்தை வலப்பக்கமாகத் திருப்பும். அதனால் வந்த பெயர் அது.