எலும்பு வளரும் விதம்

எலும்பைக் கண்டால், அது கல்லையொத்த சடப்பொருள் என்றே நமக்குத் தோன்றும். ஆயினும், தவழும் குழந்தையின் தொடையெலும்பு ஆண்டுதோறும் நீள்வதை நாம் அறிவோம். அது எங்ஙனம் நீள்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடியோரின் வரலாறு சுவை மிக்கது.

1727-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில், இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு சோதனையை விவரித்தார். கோழிக்குஞ்சின் காலெலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரு துளைகளிட்டு, இரண்டு திங்கள் கழித்து ஆராய்ந்தார். எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது; துளைகளின் இடைவெளியோ மாறவில்லை. எனவே, நீள வளர்ச்சி நடுவில் அன்று, முனைகளிலேயே நிகழ்கிறது என்பது புலனாயிற்று.

எலும்பு பருப்பது எவ்வாறு? 1736-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பெல்ச்சியர், துணிக்குச் சாயமிடுவார் ஒருவரின் இல்லத்தில் விருந்துண்டார். பரிமாறிய பன்றியிறைச்சியின் எலும்பு சிவந்திருந்தது. சாயத்துக்குப் பயன்பட்ட மஞ்சிட்டி கலந்த தவிட்டை அப்பன்றி தின்றதே காரணம். இதனைக் கேள்வியுற்ற பிரெஞ்சு அறிஞர் டூஹமெல், விலங்குகளுக்கு மஞ்சிட்டித் தீனியையும் வெறுந்தீனியையும் மாறி மாறி அளித்தார். எலும்பைக் குறுக்கே அறுத்தபோது, சிவப்பும் வெள்ளையுமாக அடுக்குகள் தென்பட்டன. மேற்சவ்வின் அடியில் புதுப்படலம் படிவதாலேயே எலும்பு பருக்கிறது என்று அவர் கண்டார். அவ்வாறு வெளியே படியும்போதே, உள்ளே பழைய எலும்பு கரைந்து உறிஞ்சப்படுகிறது என்பதைப் பின்னர் ஜான் ஹண்டர் விளக்கினார். இடையறாத ஆக்கமும் அழிவும் உடைய பொருளைச் சடம் என்று எவ்வாறு கூறுவது?

எலும்பின் உறுதிக்குச் சுண்ணாம்புச் சத்து மட்டும் போதாது. கொலாஜன் என்னும் புரத இழைகளும் வேண்டும். மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது அப்புரதத்தின் அமைப்பு என்று, 1955-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் காட்டினர்.

ஹேல்ஸ் கண்ட முனை வளர்ச்சியின் இருப்பிடத்தை இன்று நாம் தெளிவாக அறிவோம். கை கால் எலும்புகளின் முனையருகே மெல்லிய குருத்தெலும்புத் தட்டு உண்டு. அதன் உயிரணுக்கள் பெருகப் பெருக எலும்பு நீளும். குமரப் பருவ முடிவில் அத்தட்டும் எலும்பாகிவிட, வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே, விளையாட்டில் விழுந்த சிறுவனின் மூட்டருகே வீக்கம் கண்டால், வெறும் சுளுக்கென்று எண்ணி உருவிவிடுதல் தகாது. தட்டு பழுதுற்றால், அக்கை அல்லது கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும். காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுவதே நம் கடமை.