ஏழு கன்னி மலையில் விழுந்த ஹஜ் விமானம்: அறிக்கையும் ஐயங்களும்

1974 டிசம்பர் 4ஆம் திகதி. ஹிஜ்ரி 1394 துல்கஃதா மாதம். கிழக்கு ஜாவாவின் சுரபாயாவிலிருந்து 182 ஹஜ் பயணிகளுடன் புறப்பட்டு, கொழும்பில் தரித்து ஜித்தா செல்லவிருந்த டிசி-8 விமானம் இரவு 10.15 அளவில் மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னி மலையில் மோதியது. பணியாளர் ஒன்பது பேரோடு 191 பேரும் மௌத்தானார்கள். இன்னாலில்லாஹி. இலங்கை மண்ணில் நிகழ்ந்த ஆகப்பெரிய விமான விபத்து இன்றும் இதுதான். விமானம் நெதர்லாந்தின் மார்ட்டின் எயார் நிறுவனத்துக்குரியது. பயணிகளோ நம் மலாய் சகோதரர்களின் மூதாதையர் புறப்பட்டு வந்த ஜாவாவின் மக்கள்.

மலை மத்திய மாகாணத்தில் இருந்தாலும் கதை சப்ரகமுவவிலும் வாழ்கிறது. எட்டியாந்தோட்டை, கித்துல்கல வழியாகக் கினிகத்தேனைக்கு ஏறி நோர்ட்டன் பிரிட்ஜ் போகும் பாதை எங்கள் கேகாலைத் தோட்டங்களை ஊடறுத்தே செல்கிறது. இங்குள்ள பெரியவர்களிடம் கேட்டால், "அந்த மலையில காந்தம் இருக்கு சேர், பிளேன அதுதான் இழுத்திருச்சு" என்பார்கள். படிக்காதவர் பேச்சென்று நாம் சிரித்துவிடலாம். ஆனால் அறிக்கை என்ன சொன்னதென்று அவர்களுடைய மொழியில் அவர்களுக்குச் சொன்னவர் யார்? சொல்லாத இடத்தில்தான் காந்தம் முளைக்கிறது.

விசாரணையின் முடிவு இதுதான்: விமானிகள் விமான நிலையத்தோடு ஒப்பிட்டுத் தாம் இருந்த இடத்தைத் தவறாகக் கணித்தார்கள், அதனால் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கி, உயர்ந்து செல்லும் மலையில் மோதினார்கள். டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியது இத்தவறுக்கு இடம்கொடுத்தது என்பது விசாரணையாளர் கருத்து. டொப்ளர் கருவி தரையில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு வேகத்தையும் விலகலையும் அளக்கும். இருக்கும் இடத்தை அதிலிருந்து கணக்கிட வேண்டும். நீண்ட கடற்பயணத்தில் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகிவிடும்.

இது பொய்யென்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் நியாயமான கேள்வி ஒன்று எஞ்சுகிறது. விமான நிலையத்துக்குச் சுமார் 40 கடல் மைல் கிழக்கே, சுமார் 4,355 அடி உயரத்தில் மலையில் விமானம் மோதியது. சற்று முன்னர்தான் 2,000 அடி வரை இறங்கலாம் என்று கொழும்பிலிருந்து அனுமதி கிடைத்திருந்தது. விமானிகள் தங்கள் இடத்தைத் தவறாக எண்ணியிருந்தால், அதைச் சரிபார்க்கத் தரையில் இருந்தவர்களுக்கு என்ன வழி இருந்தது? அனுமதி கொடுத்ததும் அரசு, விசாரித்ததும் அரசு. ஐயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நான்கு வருடங்களில் ஐயம் வலுத்தது. 1978 நவம்பர் 15இல், ஹஜ்ஜை நிறைவேற்றி இந்தோனேசியா திரும்பிய ஹாஜிகளின் ஐஸ்லாந்து விமானம் கட்டுநாயக்க அருகே தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். விமானிகள் தரையிறங்கும் முறைகளைப் பின்பற்றவில்லை என்றது இலங்கை அறிக்கை. ஐஸ்லாந்துத் தரப்போ விமான நிலையத்தின் வழிகாட்டும் கருவியிலும் தரைக்கட்டுப்பாட்டிலும் குறை கண்டது. ஒவ்வொரு நாடும் மற்றவர் பக்கமே விரல் நீட்டியது.

சர்வதேச விதி (சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு) விபத்து நடந்த நாட்டிடமே விசாரணையை ஒப்படைக்கிறது. நோக்கம் தடுப்பது, பழி சுமத்துவதல்ல என்றும் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் அறிக்கை நிபுணர்களோடு நின்றுவிட்டால் மக்களுக்குக் கிடைப்பது வதந்தி மட்டுமே.

நம் ஹதீஸ் கலை வல்லுநர்கள் இதற்கு முறையொன்றைத் தந்திருக்கிறார்கள். சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், அவருடைய நம்பகத்தன்மை என்ன என்று இஸ்னாதைச் சோதித்தார்கள். பிறகு செய்தியையும் சோதித்தார்கள். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்கவுமில்லை, எளியவர் சொன்னார் என்பதற்காகத் தள்ளவுமில்லை. அரச அறிக்கைக்கும் தோட்டத்துக் கதைக்கும் அதே அளவுகோல்தான் பொருந்தும்.

அன்றிரவு வெடிச்சத்தம் கேட்டவர்கள், மறுநாள் மலையேறியவர்கள் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். மஸ்கெலியா, நோர்ட்டன், கினிகத்தேனைப் பகுதி ஆசிரியர்களும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் அவர்களைத் தேடிப்போய், பேர், வயது, நின்ற இடம், கண்டது, கேட்டது என்று பிரித்து எழுதிவைக்க வேண்டும். இரண்டு அறிக்கைகளும் தமிழில் வர வேண்டும். அல்லாஹ்வின் விருந்தாளிகளாகப் புறப்பட்டவர்களுக்கு, அவர்கள் விழுந்த நாட்டின் முஸ்லிம்கள் நாம் பட்டிருக்கும் கடன் இது.