"பட்டா இருக்கா?": ஒரு கேள்வியின் வரலாறு

வடசென்னையில் நான் வேலை செய்யும் பகுதியில் ஒரு அக்கா இருக்கிறார். பத்து வருடமாக வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில், சிமெண்ட் ஷீட் கூரையைப் பிரித்துவிட்டு தளம் போட வேண்டும், மேலே ஒரு அறையும் ஒரு கழிவறையும் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் உட்கார்ந்து படிக்க வீட்டில் ஒரு மூலை இல்லை.

"சொல்லாம கட்டிட்டு, நாளைக்கு எவனாவது வந்து இடிச்சா நான் எங்க தம்பி போவேன்? அனுமதி வாங்கியே கட்டலாம்" என்றார். அவரோடு அலுவலகத்துக்குப் போனேன். மனுவைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேள்வி வந்தது: "பட்டா இருக்காம்மா?" அக்காவிடம் ரேஷன் அட்டை இருந்தது, வாக்காளர் அட்டை இருந்தது, பல வருடத்து மின்கட்டண ரசீதுகள் இருந்தன. பட்டா இல்லை. இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

அந்த ஊழியர் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. சாதியைக் கேட்கவும் இல்லை. விதியில் இருப்பதைத்தான் கேட்டார். ஆனால் தோழர்களே, அந்தக் கேள்விக்கு "இருக்கிறது" என்று யாரால் பதில் சொல்ல முடியும், யாரால் முடியாது என்பதை முடிவு செய்தது சாதிதான். அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நகராட்சிகள் வருவதற்கு முன்பே இந்த நாட்டில் கட்டிட விதி ஒன்று இருந்தது. அது எந்த ஏட்டிலும் இல்லை, ஊர் வழக்கமாக இருந்தது. தீண்டப்படாதவர்கள் செய்தால் குற்றம் என்று கிராமம் கருதியவற்றை அண்ணல் அம்பேத்கர் பட்டியலிட்டிருக்கிறார். நிலம், மாடு சேர்ப்பது, சுத்தமான உடை உடுத்துவது ஆகியவற்றோடு வீட்டுக்கு ஓடு போடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கூரை வேயத் தெரியாததாலோ காசு இல்லாததாலோ மட்டும் சேரி குடிசையாக இருக்கவில்லை. குடிசையாகவே இருக்க வேண்டும் என்பது ஊர் போட்ட கட்டளை.

அடுத்த தடை, வீடு நிற்கும் மண். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் சொல்லும் அறிக்கை அது. அதை வைத்து 1892-இல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. ஆனால் அதே அறிக்கை வீட்டுமனை பற்றியும் பேசுகிறது என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. சேரி மக்கள் குடியிருந்த இடத்தையே மிராசுதார்கள் தங்கள் சொத்து என்றார்கள். கூலி உயர்த்திக் கேட்டால், வேறொருவரிடம் வேலைக்குப் போனால், குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். அப்படிப்பட்ட மண்ணில் யார் கல் சுவர் எழுப்புவார்கள்? நிலையான வீடு என்பது நிலையான உரிமை இருப்பவர்களுக்குத்தான்.

1919-20 வாக்கில் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையரின் கீழ் ஒரு துறையை உருவாக்கியது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. பல இடங்களில் மனையின் விலையைத் தவணையாக மக்களே திருப்பிக் கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணுக்கு அவர்களே விலை கொடுத்தார்கள்.

அதே காலத்தில் நகரத்தில் வேறொரு வேலை நடந்தது. 1919-இல் சென்னை நகர முனிசிபல் சட்டம், 1920-இல் நகரமைப்புச் சட்டம். வீடு கட்டுவதற்கும் மாற்றிக் கட்டுவதற்கும் விண்ணப்பம், வரைபடம், அனுமதி என்ற முறை சட்டமாக வேரூன்றியது. முனிசிபல் சட்டத்தில் 'கட்டிடம்' ஒரு வகை, 'குடிசை' தனி வகை. மண், மரம், ஓலை, புல் கொண்டு கட்டியது குடிசை. சட்டம் சாதிப் பெயர் சொல்லவில்லை. ஆனால் ஊர்க் கட்டளை யாரைக் குடிசையில் வைத்திருந்ததோ, அவர்கள் நகரத்துக்கு வந்தபோது சட்டம் அவர்களைத் தனி வரிசையில் நிற்க வைத்தது.

இனி 1971-க்கு வருவோம். 1971 என்ற ஆண்டைத் தங்கள் பெயரில் கொண்ட மூன்று தமிழ்நாட்டுச் சட்டங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலாவது, குடியிருப்பு உரிமைச் சட்டம். விவசாயக் கூலிகள் மிராசுதார் நிலத்தில் குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கியது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தின் முடிவில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகள்கூட முழுதாக ஆகாத நேரம் அது. இந்த உரிமை யாரும் கருணையோடு கொடுத்ததல்ல.

இரண்டாவது, குடிசைப் பகுதிகள் சட்டம். 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971-இல் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17. அதன் பிறகு நீண்ட காலத்துக்குப் புதிய அறிவிப்பே இல்லை. நகரம் வளர்ந்தது, பட்டியல் வளரவில்லை. பட்டியலில் இருந்தவர்களுக்கும் இந்தச் சட்டம் தானாக மனை உரிமை கொடுக்கவில்லை. வாரிய அடுக்குமாடிகளில் ஒதுக்கீடு பெற்றுத் தவணை கட்டி முடித்தும் கிரயப் பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

மூன்றாவது, நகர் ஊரமைப்புச் சட்டம். இன்று நாம் வாங்கும் திட்ட அனுமதிக்கு அடிப்படை இதுதான். மனைக்கு உரிமை உள்ளவர் அனுமதி கேட்கலாம் என்பது அதன் நடைமுறை.

ஆக, கிராமத்துக் கூலிக்கு மனை உரிமை தரும் சட்டம் வந்தது. அதே கூலி நகரத்துக்குப் பிழைக்க வந்தால், அவருக்குக் கிடைத்தது குடிசைவாசி என்ற பெயர். அனுமதி கேட்கும் தகுதி அந்தப் பெயரோடு வரவில்லை. என் அக்கா மாட்டிக்கொண்டிருப்பது இந்த இடைவெளியில்தான். குடிசைப் பகுதிகளில் தலித்துகள் மட்டும் வாழவில்லை, உண்மைதான். ஆனால் ஊரிலிருந்து நிலமில்லாமல் கிளம்பியவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

உரிமை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே நகரத்தில் சாட்சி உண்டு. 1977-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில், குடிசைப் பகுதிகளில் இருந்த இடத்திலேயே தவணை முறையில் மனை உரிமை தரும் ஏற்பாடு இருந்தது. அப்படி மனை கிடைத்த தெருக்களில் நடந்து பாருங்கள். மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல் வைத்து, தளம் போட்டு, மாடி ஏற்றியிருப்பார்கள். நம் மக்களுக்கு வீடு கட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இந்த நகரத்தின் வீடுகளுக்கு மண் சுமந்தவர்கள் அவர்கள்தான்.

2024 ஜூலையில் சுயசான்று முறையில் உடனடி அனுமதி வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டிடம் என்றால் இணையத்திலேயே அனுமதி பெறலாம். நல்ல திட்டம், வரவேற்கிறேன். ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது நில ஆவணம். வரிசை குறைந்திருக்கிறது, வாசல் மாறவில்லை.

அதனால், உங்கள் பகுதியில் யாராவது வீட்டை மாற்றிக் கட்ட ஆசைப்பட்டால், மனுவை எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த மண் என்ன வகை என்று கண்டுபிடியுங்கள். நத்தமா, புறம்போக்கா, வாரிய நிலமா, கோயில் நிலமா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. நகர நில அளவைப் பதிவேட்டை இணையத்தில் பார்க்கலாம். உங்கள் பகுதி 1971 பட்டியலில் இருக்கிறதா, ஒதுக்கீட்டு ஆணை யார் பெயரில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பழைய ரசீது எதையும் தூக்கிப் போட விடாதீர்கள்.

அக்காவின் தெருவுக்காக அப்படி ஒரு மனு போட்டிருக்கிறோம். முதலில் அக்கா மட்டும் கையெழுத்துப் போட்டார். பிறகு தெருவில் பதினாறு வீட்டுக்காரர்கள் போட்டார்கள். மனுவைப் படித்துப் பார்த்துத் திருத்தியது, படிக்க மூலை இல்லாத அந்த மகள்தான்.

ஜெய்பீம்.