சூப்பர் பவுல் முன்கணிப்பு

சூப்பர் பவுல் முன்கணிப்பு என்பது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஆண்டுதோறும் நடத்தும் இறுதிப் போட்டியில் எந்த அணி வெல்லும், எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று ஆட்டத்துக்கு முன்பே மதிப்பிடுவதாகும். முதல் சூப்பர் பவுல் 1967 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்தது. கிரீன் பே பேக்கர்ஸ் அணி கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை 35–10 என வீழ்த்தியது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் முன்னாள் வீரர்கள், விளையாட்டுச் செய்தியாளர்கள், பந்தய நிறுவனங்கள், புள்ளியியலாளர்கள் எனப் பல தரப்பினரும் முடிவை முன்கூட்டியே சொல்லி வருகிறார்கள். பெரும்பாலோர் ஓர் அணியின் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் வெல்லப்போவது யார் என்று அடித்துச் சொல்வது கணிப்பு ஆகாது. வெற்றிவாய்ப்பு எவ்வளவு என்று அளந்து சொல்வதே கணிப்பு. இந்த விளையாட்டு அமைந்திருக்கும் விதமே அதற்குக் காரணம்.

கணிப்பு ஏன் கடினம்

பேஸ்பால், கூடைப்பந்து ஆகியவற்றின் அமெரிக்க இறுதிச் சுற்றுகளில் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணியே சாம்பியன். ஓர் ஆட்டத்தில் தடுமாறிய வலிய அணி அடுத்தடுத்த ஆட்டங்களில் ஈடுகட்டிக்கொள்ளலாம். சூப்பர் பவுலில் அந்த வழி இல்லை. ஒரே ஆட்டத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்கு முந்தைய சான்றுகளும் குறைவு. 2021 முதல் ஒவ்வோர் அணியும் லீக் சுற்றில் 17 ஆட்டங்கள்தான் ஆடுகிறது. எல்லா எதிரணிகளுக்கும் சமமான வலிமை கொண்ட ஓர் அணிகூட, வெறும் தற்செயலால் இரண்டு வெற்றி கூடவோ குறையவோ பெறுவது மிக இயல்பு. ஆகவே வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் வைத்து இரண்டு நல்ல அணிகளைத் தரம் பிரிக்க முடியாது. ஆட்டத்துக்குள்ளும் முடிவு ஒரே நொடியில் திரும்பக்கூடும். 1991 இறுதிப் போட்டியின் கடைசி விநாடிகளில் பஃபலோ பில்ஸ் வீரர் ஸ்காட் நார்வுட் 47 கெஜத் தொலைவிலிருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்புறம் விலகிப் போக, நியூயார்க் ஜயன்ட்ஸ் 20–19 என வென்றது. பந்து சற்றே இடப்புறம் போயிருந்தால் சாம்பியன் வேறு அணி. அதனால் இரு அணிகளின் வலிமையைப் பற்றிய நம் மதிப்பீட்டில் மாற்றம் ஏதும் வந்திருக்காது.

புள்ளி வித்தியாசமும் நிகழ்தகவும்

பந்தயச் சந்தை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு புள்ளி வித்தியாசத்தை முன்கூட்டியே நிர்ணயிக்கிறது. வலிய அணி இத்தனை புள்ளியில் வெல்லும் என்பது அதன் பொருள். பணம் வைப்பவர்கள் தமக்குத் தெரிந்ததையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்வதால், இந்த எண்ணைத் தொடர்ந்து விஞ்சுவது எவருக்கும் எளிதன்று. இதை வெற்றிவாய்ப்பாக மாற்றும் வழியைப் புள்ளியியலாளர் ஹால் ஸ்டெர்ன் 1991இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். என்.எஃப்.எல். ஆட்டங்களில் உண்மையான வித்தியாசம் சந்தை சொன்ன எண்ணைச் சுற்றி ஏறத்தாழ இயல்நிலைப் பரவலில் அமைகிறது. அதன் திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 14 புள்ளி. இந்தக் கணக்கின்படி 3 புள்ளி முன்னணியில் உள்ள அணியின் வெற்றிவாய்ப்பு சுமார் 58 விழுக்காடு, 7 புள்ளிக்குச் சுமார் 69, 14 புள்ளிக்குச் சுமார் 84. இறுதிப் போட்டிக்கு வருபவை இரண்டும் தேர்ந்த அணிகள் என்பதால் வித்தியாசம் பல ஆண்டுகளில் சில புள்ளிகளுக்குள்ளேயே நிற்கிறது. அத்தகைய ஆண்டில் எவரேனும் உறுதியாக ஒரு பெயரைச் சொன்னால், சான்று தாங்காத உறுதியைத்தான் அவர் சொல்கிறார்.

பேரதிர்ச்சிகள் என்று பேசப்படும் முடிவுகளையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். 2008 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் தொடர்ந்து 18 வெற்றிகளோடு களமிறங்கியது. சந்தை அதற்கு ஏறத்தாழ 12 புள்ளி முன்னிலை கொடுத்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் 17–14 என வென்றது. 12 புள்ளி முன்னிலை என்றால் எதிரணிக்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. அது அரிதான நிகழ்ச்சிதான். கணக்கை மீறிய அற்புதம் அன்று.

எண்களின் எல்லை

எண்கள் மட்டும் போதா, ஆட்டத்தை அறிந்தவரின் கண் வேண்டும் என்பது வாய்ப்பை எண்ணால் சொல்வதற்கு எழும் முதல் மறுப்பு. இதில் பெரும் உண்மை இருக்கிறது. எண்களின் வழியும் நுட்பமானதுதான்: வெர்ஜில் கார்ட்டர் என்ற குவார்ட்டர்பேக்கும் (அணியின் தாக்குதலை நடத்தும் வீரர்) ராபர்ட் மேக்கலும் 1971இல் வெளியிட்ட ஆய்வு, களத்தின் ஒவ்வோர் இடத்திலும் பந்து கையில் இருப்பது எத்தனை புள்ளிக்குச் சமம் என்று கணக்கிட்டது; இன்றைய நுட்பமான மதிப்பீடுகள் அந்த வழியில் வந்தவையே. என்றாலும் கடந்த ஆட்டங்களின் எண்களை மட்டும் நம்பும் கணக்கு, நேற்றுக் காயமடைந்தவர் யார் என்று தானாக அறியாது. 2021 இறுதிப் போட்டியில் கேன்சஸ் சிட்டியின் முதன்மைத் தடுப்பாளர்களான டேக்கிள்கள் இருவருமே காயத்தால் ஆடவில்லை. குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுதும் துரத்தப்பட்டார். அணி ஒரு டச் டவுன்கூட எடுக்காமல் டாம்பா பே புக்கனீர்ஸிடம் 31–9 எனத் தோற்றது. ஆனால் நிபுணரின் கண் பயன்படுவது வாய்ப்பின் அளவைத் திருத்துவதற்கே. 60 விழுக்காட்டை 52 ஆக்க அது உதவலாம். எதையும் 100 ஆக்கும் உரிமையை அது தராது.

உறுதியாகச் சொன்னவர்களும் வென்றிருக்கிறார்களே என்பது இரண்டாவது மறுப்பு. 1969 ஜனவரியில் பால்டிமோர் கோல்ட்ஸ் ஏறத்தாழ 18 புள்ளி முன்னணியில் மதிக்கப்பட்டபோது, நியூயார்க் ஜெட்ஸ் குவார்ட்டர்பேக் ஜோ நேமத் தம் அணி வெல்லும் என்று உத்தரவாதம் தந்தார். ஜெட்ஸ் 16–7 என வென்றது. அந்தச் சொல் நினைவில் நிற்பதற்குக் காரணம் அது பலித்ததே. அப்படி முழங்கித் தோற்றவர்களை எவரும் நினைவுகூர்வதில்லை. பலித்தவற்றை மட்டும் எண்ணினால் எந்த முறையும் சிறந்ததாகவே தோன்றும். விளையாட்டுச் செய்தியாளர் லெனார்ட் கோப்பெட் 1978இல் சுட்டிய ஒற்றுமை இதற்குப் பாடம்: போட்டி லீக்குடன் இணைவதற்கு முந்தைய பழைய என்.எஃப்.எல். மரபைச் சேர்ந்த அணி வென்றால் பங்குச் சந்தை அவ்வாண்டு உயரும் என்பது அப்போது வரை பொருந்தி வந்தது. 2008இல் அந்த மரபைச் சேர்ந்த ஜயன்ட்ஸ் வென்றது. பங்குச் சந்தையோ சரிந்தது. சில பத்து முடிவுகளே உள்ள இடத்தில் தற்செயலும் விதிபோல் தோற்றம் தரும்.

விழுக்காட்டில் சொல்பவர் எந்த முடிவு வந்தாலும் தப்பித்துக்கொள்ளலாமே என்பது மூன்றாவது மறுப்பு. வலுவானது இதுவே. ஒரே ஆட்டத்தை வைத்து 60 விழுக்காடு சரியா தவறா என்று சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் தப்ப முடியாது. 60 என்று சொன்ன ஆட்டங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு பலிக்க வேண்டும். வானிலையாளர் கிளென் பிரையர் 1950இல் மழைக் கணிப்பு போன்றவற்றைச் சோதிக்க வகுத்த மதிப்பெண் முறை இங்கும் அப்படியே பொருந்தும்: சொன்ன வாய்ப்புக்கும் நடந்த முடிவுக்கும் உள்ள இடைவெளியின் வர்க்கத்தைப் பல கணிப்புகளுக்குக் கணக்கிட்டுச் சராசரி காண வேண்டும். வீண் உறுதி காட்டியவர் இதில் பெரிய விலை கொடுப்பார். எதற்கும் 50 என்று பதுங்குபவரும் முன்னேற மாட்டார். பெயரை மட்டும் சொல்பவரைவிட எண்ணைச் சொல்பவரே கூடுதலான பொறுப்பேற்கிறார்.

எனவே சூப்பர் பவுல் கணிப்பைப் படிப்பவர் மூன்றைக் கேட்க வேண்டும்: வாய்ப்பு எண்ணாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, சந்தையின் மதிப்பீட்டிலிருந்து விலகினால் காரணம் காட்டப்பட்டிருக்கிறதா, கணித்தவரின் தவறிய கணிப்புகளும் பதிவில் இருக்கின்றனவா. மூன்றுக்கும் விடை தரும் கணிப்பு தோற்றாலும் மதிக்கத்தக்கது. தராதது பலித்தாலும் ஊகமே.