காவலரணா, சாட்சியா?

மார்பகப் புற்றுநோய் என்றதும் வைத்தியர் அக்குளைத் தடவிப் பார்க்கிறார். அங்குள்ள நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவிவிட்டதா என்று அறியவே அவ்வாறு செய்கிறார். அக்கணுக்களுக்கு வைத்திய உலகம் கற்பித்த பொருள் ஒரு நூற்றாண்டுக்குள் தலைகீழாக மாறிய வரலாறு எம்மிடையே அதிகம் பேசப்படாத ஒன்று.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்ரெட் 1894 இல் 50 நோயாளர் பற்றிய தமது அறிக்கையை வெளியிட்டார். கட்டியிலிருந்து புறப்படும் நோய் நிணநீர் நாளங்கள் வழியே படிப்படியாக அக்குளை அடைகிறது. கணுக்கள் அதனை மறித்து நிற்கும் காவலரண்கள். அவை வீழ்ந்த பின்னரே நோய் உடலெங்கும் பரவுகிறது. இதுவே அவர் காலத்துக் கொள்கை. ஆகவே மார்பகம், அதன் கீழுள்ள தசைகள், அக்குட் கணுக்கள் அனைத்தையும் அவர் ஒருசேர அகற்றினார். அறுத்த இடத்தில் நோய் மீளத் தோன்றுவது வெகுவாகக் குறைந்தது. கொள்கையிலிருந்த பிழை நெடுங்காலம் புலப்படாமற் போனதற்கு அந்த வெற்றியே காரணம் என்பேன். ஏறத்தாழ 80 ஆண்டுகள் இம்முறை கோலோச்சியது. உயிர் பிழைத்த பெண்கள் குழிவிழுந்த நெஞ்சுடன் வாழ்ந்தனர். நிணநீர் வடிய வழியின்றிப் பலருக்குக் கை வீங்கியது.

1971 இல் பிற்ஸ்பேர்க்கைச் சேர்ந்த பேர்னாட் ஃபிஷரின் தலைமையில் ஓர் ஆய்வு ஆரம்பமாயிற்று. பங்குபற்றிய பெண்கள் 1,600 இற்கும் அதிகம். கணுக்கள் தடித்திராதோர் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஹால்ஸ்ரெட் முறை. இன்னொரு பிரிவினருக்கு மார்பக நீக்கத்துடன் கதிர்வீச்சு. எஞ்சியோருக்கு மார்பக நீக்கம் மாத்திரம், கணுக்கள் விட்டுவைக்கப்பட்டன. முதற் பிரிவினரிடமிருந்து அகற்றிய கணுக்களைச் சோதித்தபோது ஏறத்தாழ 40 வீதமானோரிடம் நோய் மறைந்திருந்தது. அப்படியாயின் கணுக்கள் விடப்பட்ட பிரிவிலும் அதே அளவினரிடம் அது இருந்திருக்க வேண்டும். எனினும் அவர்களுள் 20 வீதத்துக்கும் குறைவானோரிடமே பின்னாளில் அக்குளில் நோய் தலைகாட்டியது. 2002 இல் வெளியான 25 ஆண்டு முடிவிலும் மூன்று பிரிவினரின் ஆயுளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஃபிஷரின் விளக்கம், கணுக்கள் நோயின் போக்கைக் காட்டுபவையேயன்றித் தீர்மானிப்பவை அல்ல என்பதாகும். நோய் ஆரம்பத்திலேயே குருதி வழியாகவும் புறப்பட்டுவிடலாம். கணுவில் அது தென்படுவது, வேறிடங்களுக்கும் சென்றிருக்கக்கூடும் என்பதற்கான சாட்சியம். (செய்தியைக் கொண்டுவந்தவனையே தண்டிப்பது பத்திரிகைத் தொழிலில் நாம் நன்கறிந்த வழக்கம்.) மருந்துச் சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அச்சாட்சியத்தின் பெறுமதி இன்றும் பெரிது.

1990 களில், மார்பகத்தின் நிணநீர் முதலிற் சென்றடையும் கணுவை நீலச் சாயத்தாலோ கதிரியக்கப் பதார்த்தத்தாலோ இனங்கண்டு, அதனை மாத்திரம் எடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. மார்பகத்தைக் காத்துக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சும் பெறும் ஆரம்ப நிலை நோயாளருக்கு, அத்தகைய ஓரிரு கணுக்களில் நோய் இருந்தாலும் அக்குளை முழுமையாக வெறுமையாக்குவது அவசியமில்லை என்பதை 2011 இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு காட்டியது.